சும்மா நிற்கும் கார்கள்

புறங்கையை வைக்கிறார். ஒரு மூச்சு நேரம். எடுத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போகிறார். பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோலத்தான் குமுதா கார்களின் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் இப்போதுதான் வந்த கார். வெதுவெதுப்பென்றால் வந்து கொஞ்ச நேரமாகிறது. சில்லென்றிருந்தால் காலையிலேயே வந்து படுத்துவிட்ட கார். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'காய்ச்சல் அக்கா'.

வெயிலில் நிற்கும் பானெட்டை அவர் நம்புவதில்லை. "வெயிலு எல்லாக் காடியையும் பொய் சொல்ல வெச்சிடும்லா" என்று சொல்லிக்கொண்டே தெருவில் குந்தி உட்கார்ந்து, நம்பர் பிளேட்டுக்கு மேலிருக்கும் இடுக்கில் விரலை விட்டு எஞ்சின் சூட்டைப் பார்ப்பார். ஒருமுறை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் பதறிப்போய் ஹாரன் அடித்தார். குமுதா எழுந்து, "ஒண்ணுமில்ல அண்ணே, ஒடம்பு நல்லா இருக்கு, தூங்குங்க" என்றார்.

மஜ்லிஸ் என்று எல்லாரும் சொல்லும் மாநகர் மன்றத்தில் கார் நிறுத்துமிடங்களைக் கவனிக்கும் பிரிவில் அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர். பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஆறில் படித்த பொருளாதாரத்தில் ஒரு மலாய்ச் சொல் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது: 'கோஸ் லெப்பாஸ்'. ஒன்றை எடுத்துக்கொண்டால் எது கைவிட்டுப் போகிறதோ, அதுதான் எடுத்ததன் உண்மையான விலை என்பது அதன் பொருள். மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் அவர் கணவர் குணாளன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "எங்க வீட்டுல காப்பி கேட்டா, இதோட கோஸ் லெப்பாஸ் டீ, யோசிச்சிக்குங்கன்னு பதில் வரும். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள தாகமே போயிடும்."

சென்ற ஆண்டு தீபாவளி மாதத்தில் லிட்டில் இந்தியாவில் கார் நிறுத்த இலவசம் என்று அறிவித்தார்கள். கட்டணம் வசூலானால் எந்தக் கார் எவ்வளவு நேரம் நின்றது என்று கணினி சொல்லிவிடும். இலவசமாகிவிட்டால் கணினிக்கு வாய் கிடையாது. அப்போதுதான் குமுதா புறங்கையை வைக்கத் தொடங்கினார். கை பார்த்த கார்களில் பெரும்பாலானவை சில்லென்றிருந்தன.

இந்த ஆண்டும் அதே இலவசம் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். முன்னால் நின்றவர் சேலைக்கடை சீனி முகம்மது. இரண்டு தீபாவளி அவருக்குச் சரியாகப் போகவில்லை. இந்தத் தீபாவளியும் கைவிட்டால் கடையை மூடிவிடுவதாக வீட்டில் சொல்லியாயிற்று. கேட்டதற்குப் பரிந்துரை எழுத வேண்டியவர் குமுதா. அவர் இலவசம் கூடாது, கட்டணத்தைக் கூட்ட வேண்டும் என்று எழுதப்போவது எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ நம்ம ஆளா, மஜ்லிஸ் ஆளா? அத மொதல்ல சொல்லு" என்றார் சீனி முகம்மது, கடை வாசலிலேயே மறித்து.

"ரெண்டும்தான் அண்ணே. பசியாறிட்டீங்களா?"

"பசியாறுறது கெடக்கட்டும். ஜனங்களுக்குக் காடி போட எடமில்ல. நீ காசக் கூட்டுறேங்கிறே. மண்ட சரியில்லையா?"

"போன வருசம் சும்மா விட்டோமே, எடம் இருந்துச்சா?"

"இல்ல. ஆனா கூட்டம் அப்படி!"

"கூட்டம் கடைக்குள்ள வந்துச்சா?"

தலைக்கு மேலே 'பார்க்கிர் பெர்சுமா' என்று கடைக்காரர்கள் கேட்டு அடித்த பேனர் ஆடிக்கொண்டிருந்தது. குமுதா அதைக் காட்டினார்.

"பெர்சுமான்னா இலவசம். வீணாப் போச்சுன்னாலும் மலாய்ல பெர்சுமாதான். நம்ம சும்மாவும் அப்படித்தானே அண்ணே? சும்மா குடுத்தா, சும்மாவே நிக்கும்."

"வார்த்தையில வெளாடாத. புக்கிட் மெர்தாஜாம்லேருந்து புள்ளகுட்டியோட வர்றவன் காசு கட்டணும்னா வருவானா?"

"அவனுக்காகத்தான் சொல்றேன். காலையில ஆபீசுக்கு வர்றவன் எடத்தப் புடிச்சிக்கிறான். இவன் மெதுவா வந்து மூணு சுத்து சுத்திட்டு மாலுக்குப் போயிடுறான். நடந்து வாங்க, காட்டுறேன்."

ஐந்தடி நடைபாதையை ஒட்டி, நிழல் விழும் பக்கமாக இருவரும் நடந்தார்கள். "தொடுங்க" என்றார் குமுதா. தொட்டார். சில். அடுத்தது சில். அதற்கடுத்தது இளஞ்சூடு. திரும்பிக் கடை வாசலுக்கே வந்தபோது ஒரு வெள்ளை வேனின் முன்னால் சீனி முகம்மதின் கை நின்றுவிட்டது.

"இது என்னோடது."

"தெரியும். தொடுங்க."

"சரக்கு எறக்க வேணாமா?"

"காலையிலயே எறக்கியாச்சு. இப்ப எதுக்கு நிக்குது?"

"நம்ம வாசல்ல நம்ம வண்டி நிக்கலன்னா வேற எவனாவது வந்து மறைச்சிடுவான்லா!"

அந்தத் தெருவில் எல்லாக் கடைக்காரர்களின் வழக்கமும் அதுதான். யாரும் வாசலை மறைத்துவிடக் கூடாதென்று தானே மறைத்துக்கொள்வது. குமுதா சிரிக்கவில்லை. வேன் நின்ற கட்டத்தைக் காட்டி, "இந்த எடத்துல இன்னிக்கு எத்தன குடும்பம் எறங்கியிருக்கும்? அதான் இதோட கோஸ் லெப்பாஸ்" என்றார். சீனி முகம்மது வேனைத் தொடாமலே கடைக்குள் போய்விட்டார்.

ஆனால் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "காசுள்ளவன் நிப்பான். இல்லாதவன் எங்க போவான்?" அந்தக் கேள்வியைக் குமுதா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பரிந்துரையைத் திருத்தினார். முதல் ஒரு மணி நேரத்துக்கு இப்போதிருப்பதில் பாதிக் கட்டணம். அதற்குமேல் ஒவ்வொரு மணிக்கும் ஏற வேண்டும். நாளெல்லாம் நிற்கும் வண்டிகளுக்குப் பின்தெருவில் மலிவான இடம். "தீபாவளி நேரத்துல கட்டணம் ஏறிச்சின்னா, ஏச்சு உங்க பேருக்குத்தான் வரும்" என்றார் மேலதிகாரி. "வரட்டும் சார். போன வருசம் ஏச்சு யாருக்கும் வரல, யாவாரமும் வரல" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம், வியாபாரம் படுத்தால் உடனே நிறுத்திவிடலாம் என்று மன்றம் ஒப்புக்கொண்டது.

முதல் சனிக்கிழமை காலையில் தெரு வெறிச்சென்று கிடந்தது. காலியான கட்டங்கள் வரிசையாகப் பல் இளித்தன. சீனி முகம்மது பின்தெருவில் வேனை விட்டுவிட்டு வியர்க்க வியர்க்க நடந்து வந்து, வாசலில் கைகட்டி நின்றார்.

"பாத்தியா? காத்து வாங்குது. சந்தோசமா?"

"எடம் காலியா இருந்தாத்தானே அண்ணே வர்றவன் நிப்பான்."

"வரலன்னா?"

"திங்கக்கெழம நானே போயி நிறுத்தச் சொல்லிட்டு வர்றேன்."

குமுதா போய்விடவில்லை. எதிர்ப்பக்கத் தூணோரம் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கடைக்காரர் இஞ்சித் தேநீர் கொடுத்தார். அது ஆறி ஏடு கட்டும்வரை கையிலேயே இருந்தது.

வெயில் ஏறியதும் ஒரு சிவப்புக் கார் மெதுவாகத் திரும்பி, இடம் கிடைத்ததை நம்ப முடியாததுபோல் தயங்கி, சேலைக்கடை வாசலிலேயே நின்றது. நான்கு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் இறங்கிக் கடைக்குள் போனார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு கார். அதன் பின்னால் வந்த மூன்றாவது, முன்னால் போய் ஒரு கட்டத்தில் நுழைந்தது.

குமுதா தேநீரைத் தூணடியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார். சிவப்புக் காரின் முன்னால் குந்தி, இடுக்கில் விரல்களை விட்டார்.

"என்னா குமுதா, காய்ச்சலா?" என்று கடைக்குள்ளிருந்து, விரித்த சேலைக்கு மேலாகச் சீனி முகம்மதின் குரல் வந்தது.

குமுதா சுட்ட விரல்களை உதறி வாயால் ஊதிக்கொண்டு, எழாமலே அடுத்த காருக்கு நகர்ந்தார்.