மண்டூருக்குத் தண்ணீர் பம்ப் விற்கப் போனோம்

மட்டக்களப்புப் பக்கம் தொழில் தொடங்கலாமா என்று கேட்டு இந்த வலைப்பதிவுக்கு அடிக்கடி மின்னஞ்சல் வருகிறது. போகும் வழி, தங்கும் இடம் எல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் அங்கே பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

இலங்கையில் போர் நிறுத்தம் அறிவித்து, சாலைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம். கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியின் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கென்யாவுக்கு ஆள் அனுப்புனா மொழி தெரியோணும். இலங்கைல நம்ம தமிழ்தானுங்க. நீ போய்ப் பேசு, போதும்" என்றார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இலங்கைக் கிளை நிலைத்தால் மேலாளர் பதவி, இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம் துண்டுப் பிரசுரம் அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பஸ்ஸில் பத்து மணி நேரம் ஆனது. அதில் பாதி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியதற்கு. என் காலடியில் இருந்த மாதிரி பம்பைப் பார்த்து ஒரு சிப்பாய் ஏதோ சிங்களத்தில் கேட்டார். நான் தண்ணீர் குடிப்பதுபோல் சைகை காட்டினேன். அவர் உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வாழைச்சேனையை அடுத்த ஓட்டமாவடியில் சலீம் நானா இரும்புக்கடை வைத்திருந்தார். அவர்தான் எங்கள் முகவர். பிரியாணி போட்டு உபசரித்தார். ஆனால் வாவிக்கு, அதாவது மட்டக்களப்பை ஒட்டிய கடலேரிக்கு, அந்தப்பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "காலம் இன்னும் சரியா வரல்ல தம்பி. நீங்க போய் ஆக்களோட கதைச்சிட்டு வாங்க. சாமான நான் இஞ்ச வெச்சித் தாறன்."

மண்டூர் வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறது. அப்போது அது போராளி இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது; நானாவைப் போன்ற முஸ்லிம்கள் அங்கே போக அஞ்சினார்கள். மட்டக்களப்பிலிருந்து தெற்கே பஸ் பிடித்துக் குருமன்வெளித் துறையில் இறங்கினேன். எதிரே வெறும் தண்ணீர். அங்கே நின்ற ஒருவரிடம், "மண்டூருக்குப் பாதை எங்கேங்க?" என்றேன்.

"பாதை அக்கரையில நிக்குது. இப்ப வந்திடும்" என்றார்.

பாதை எப்படி வரும் என்று குழம்பி நின்றேன். உண்மையிலேயே வந்தது. மோட்டார் சைக்கிள், ஆடு, ஆள் எல்லாவற்றையும் ஏற்றும் தட்டையான மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். ஆளுக்கு ஐந்து ரூபாய் வாங்கினார்கள். பம்புக்குப் பத்து.

ஊருக்குள் பிரசுரங்களைக் கொடுத்துவிட்டு, கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாய்க்கால் கரையில் பம்பை இறக்கினேன். முப்பது ஆண்கள் போலக் கூடினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிவலிங்கம் என்கிற விவசாயி பிரசுரத்தை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தம்பி, நாங்க என்ன பிழை செய்தம்?"

"ஒரு பிழையும் இல்லையேங்க."

"மறுகா ஏன் எங்களுக்குப் பேசப் போறீங்க? 'எங்கள் அதிகாரி உங்கள் வீடு தேடி வந்து பேசுவார்' எண்டு அடிச்சிரிக்கு."

அந்த ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. சாதாரணமாகப் பேசுவதற்குக் கதைப்பது என்பார்கள். வீடு தேடி வந்து திட்டும் கம்பெனி எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நான் விளக்கியதும் ஒரே சிரிப்பு. அதன் பிறகு எல்லாம் சுமுகமாகப் போனது. பம்ப் தண்ணீரை வாரி இறைத்தது. ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு ஒன்று எழுதிக்கலாங்களா?" என்று கேட்டேன். "ஓம்" என்றார்கள். ஆமாம் என்பதற்கு அங்கே ஓம். "அடுத்த போகத்துக்குள் வாங்கிடுவீங்களா?" என்றேன். "ஓம் ஓம், பார்ப்பம்" என்றார்கள். கட்டித் தயிரும் சர்க்கரையும் கொடுத்தார்கள்.

துறைக்குத் திரும்பியதும் தொலைபேசிக் கடைக்குப் போய் முதலாளியை அழைத்தேன். "எல்லாருமே ஓம்னுட்டாங்க!"

கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் பம்புகள் வந்து சேர்ந்தன. வாங்க ஒருவரும் வரவில்லை. சலீம் நானாவின் கடையில் அவை சுவரோரம் வரிசையாக நின்றன. இரண்டாம் மாதம் அவற்றின்மேல் சீமெந்து மூட்டைகளை அடுக்கினார். மூன்றாம் மாதம் அவர் வீட்டார் துணி உலர்த்தத் தொடங்கினார்கள். நான் விசாரித்தபோது நானா தலையில் கைவைத்துக்கொண்டார். "தம்பி, ஓம் எண்டா நீங்க சொன்னது கேட்டுட்டு எண்டு கருத்து. பார்ப்பம் எண்டா இல்ல எண்டு கருத்து. வீடு தேடி வந்த மனிசன்ட முகத்துக்கு நேர இல்ல எண்டு சொல்லலாமா?"

முதலாளியே புறப்பட்டு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். நம் ஊரில் அது தொழிலதிபர் உடை. அங்கே அது மந்திரி உடை. சாவடியில் ஒரு சிப்பாய் சல்யூட் அடித்தார். பாதையில் ஏறிய ஒரு பெரியவர், தன் ஊர்ப் பாலம் உடைந்து கிடப்பதாக மனு கொடுத்தார். முதலாளி அதை மரியாதையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பம்ப் வாங்க மாட்டேங்கறாங்க, பாலம் கேக்கறாங்க. நீ என்னதாம்பா பேசுன?" என்றார்.

மண்டூரில் அவர் சிவலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தித் தொடங்கினார். "வீட்டுத் தலைவர்களே" என்று விளித்தார். ஆண்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். "எங்க பம்போட பெருமை என்னன்னா, அசல் வார்ப்பிரும்புங்க. முப்பத்தெட்டு கிலோ! கனந்தானுங்க தரம்!"

"எல்லாரும் ஓம்னு சொல்லியிருக்கீங்க. அப்புறம் ஏனுங்க வாங்கல?" என்று கடைசியில் நேராகவே கேட்டார்.

எல்லாரும் சிவலிங்கத்தைப் பார்த்தார்கள். சிவலிங்கம் பொன்னாடையை மடித்துக்கொண்டே, "ஐயா, பூமி எண்டதில்ல. எண்ட பெண்சாதிட" என்றார்.

"உங்க நிலமில்லைங்களா?"

"வீடும் அவடதான். நான் கலியாணம் முடிச்சி அங்க போனவன். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்." சுற்றி நின்ற வீட்டுத் தலைவர்கள் அத்தனை பேரும் ஓம் என்றார்கள்.

"இதை ஏங்க இத்தனை நாள் சொல்லல?"

"ஒருத்தரும் கேட்கல்லயே."

அங்கே வீடும் வயலும் மகள்களுக்குத்தான் போகும், மாப்பிள்ளை மனைவி வீட்டோடு வந்துவிடுவார். எங்கள் பிரசுரத்தில் மீசை முறுக்கிய ஒருவர் பம்பின்மேல் கால் வைத்து நின்றுகொண்டிருந்தார். சிவலிங்கத்தின் மனைவி யோகேஸ்வரி கூட்டத்தின் பின்னால் வேலியோரம் நின்றவர், தன் பேச்சு வந்ததும் முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும். பம்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கைப்பிடி தேடினார். கைப்பிடி இல்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"ஐயா, இத ஒரு பொம்புள தூக்க ஏலுமா?"

"தூக்க வேண்டியதில்லைங்கம்மா. ஒருக்கா வெச்சா இருபது வருசம் அசையாது."

"இருபது வருசமா?" யோகேஸ்வரி சிரித்தார். "தொண்ணூறாம் ஆண்டு ஓடினம். மறுகா வந்து குடியிருந்தம். மறுகாவும் ஓடினம். ஒரு மெசின் அப்பிடியே விட்டுட்டுப் போனது. வந்து பாக்கக்குள்ள அத வெச்ச கல்லும் இல்ல. நாளைக்குச் சண்டை துவங்கினா புள்ளயத் தூக்குவனா, இதத் தூக்குவனா? உங்களுக்கு ஏலுமெண்டா எண்ட வாசல்லருந்து துறைவரைக்கும் இதத் தூக்கிட்டு ஓடிக் காட்டுங்க. இப்பவே ஒண்டு வாங்கிறன்."

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். பம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஊரே பின்னால் வந்தது. ஆட்டைக் கட்டியிருந்த முதல் வேலிவரை நன்றாகத்தான் போனார். வாய்க்கால் வரப்பில் கால் வழுக்க, பம்ப் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகச் சேற்றில் விழுந்தார்கள். சிரிக்கக்கூடாது என்று நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மண்டூர் பெண்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

சிவலிங்கம் கைகொடுத்துத் தூக்கினார். முதலாளி சேற்றில் கிடந்த தன் பம்பைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபமில்லை. "ஏனுங்கம்மா," என்றார், "எத்தன கிலோ இருந்தா உங்களால ஓட முடியும்?"

யோகேஸ்வரி யோசித்தார். பக்கத்தில் நின்ற தன் கடைசி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "இவட பாரம்" என்றார்.

முதலாளி சட்டென்று கையை நீட்டி, அந்தப் பிள்ளையைத் தானே வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். அவள் அவருடைய தங்கக் கடிகாரத்தைக் கடித்தாள்.

அடுத்த மழைக்கு முன் அலுமினிய உடலோடு, இரண்டு கைப்பிடி வைத்து ஒரு பம்ப் வந்தது. கோயம்புத்தூரில் எங்கள் பொறியாளர்கள் அதைப் பொம்மை என்று கேலி செய்தார்கள். நானும் சலீம் நானாவும் இக்கரையில் குருமன்வெளித் துறைக்குப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். எடுத்துப் பார்த்தார்கள், பேரம் பேசினார்கள், வாய்க்கு வாய் குறை சொன்னார்கள். ஒருவர்கூட ஓம் என்று சொல்லவில்லை. எல்லாம் விற்றுப்போயிற்று. எனக்கு மேலாளர் பதவியும் கிடைத்தது, கல்யாணமும் நடந்தது.

சமாதானம் நிலைக்கவில்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுவதும் ஷெல்லடிக்குப் பயந்து ஓடியது. நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். சில வாரங்கள் கழித்து நானா போன் செய்தார். யோகேஸ்வரி குடும்பத்தோடு முகாமில் இருப்பதாகவும், பம்ப் சிவலிங்கத்தின் தலையில் வந்து சேர்ந்ததாகவும், முகாம் கிணற்றில் இறைக்க அதுதான் உதவுவதாகவும் சொன்னார். முதலாளி பம்புக்கான வாஷர் இரண்டு பெட்டி அனுப்பச் சொன்னார். பில் போடவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. துண்டுப் பிரசுரத்தை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் படித்துக்காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். வெள்ளை வேட்டி வேண்டாம். தயிர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரே மொழி என்று நம்பிப் போகும் நாட்டில்தான் மொழிபெயர்ப்பாளர் அதிகம் தேவைப்படுவார்.

முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு யோகேஸ்வரி ஒருமுறை என்னை அழைத்தார். வெள்ளாமை நன்றாக விளைந்திருக்கிறதாம், வெட்டு நேரத்துக்கு வரச் சொன்னார். சூடடிக்கும், அதாவது கதிரடிக்கும், மெசின் ஒன்று வாங்கும் எண்ணமும் இருக்கிறதாம்.

"முதலாளியைக் கூட்டிட்டு வரட்டுங்களா?" என்றேன்.

"வரட்டும், நல்ல மனிசன்" என்றார். "ஆனா அவர்ட பெண்சாதியையும் கூட்டிட்டு வாங்க தம்பி. விலைய நான் அவவோட கதைக்கிறன்."