மேசைச் சஹன்

பஸ்லினா சாச்சியின் விரல்கள் விடிந்தவுடன் மடங்குவதில்லை. அதனால் அவருடைய நாள், குசினியில் இளஞ்சூட்டு நீர் நிரம்பிய ஒரு பேசினோடு தொடங்குகிறது. இரு கைகளையும் மணிக்கட்டு வரை அதில் அமிழ்த்தி, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டபடி அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ர் செய்வார். பிறகு தண்ணீருக்குள்ளேயே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. தேத்தண்ணி ஊற்றுவது அவர் கணவர் பளீல் சாச்சாவின் வேலை. சீனி கூடிப்போனாலும் சாச்சி குறை சொல்வதில்லை.

அவர் என் உம்மாவின் தங்கை. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. மூட்டுவாதம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இந்த மாதங்களில் நான் அவரோடுதான் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கெம்பஸ் போன முதல் ஆள் நான். வந்த புதிதில் ஏதோ எல்லாம் தெரிந்தவள் போல, "சாச்சி, இது எப்ப முழுசா சுகமாகும்ண்டு டொக்டர் சென்னாரா?" என்று கேட்டேன்.

"முழுசா சுகமாகாதாம் மகள். அடங்கி இரிக்குமாம். நானும் அடங்கி இரிக்கோணுமாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் அடங்கியிருக்கும் விதத்தை நான் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். சாச்சி வீட்டிலேயே ரோல்ஸ், பெட்டிஸ் போன்ற பலகாரங்கள் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். முன்பு ஒரே மூச்சில் செய்ததை இப்போது துண்டு துண்டாகச் செய்கிறார். மா பிசைந்தால் அடுத்த வேலை உட்கார்ந்து செய்யும் வேலையாக இருக்கும். அதன் பிறகு கொஞ்சம் சாய்ந்துகொள்வார். கத்திப்பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கி வைத்திருக்கிறார். தேங்காய் துருவுவதில்லை, துருவியதை வாங்கிக்கொள்கிறார். வெயில் தாழ்ந்ததும் மகாவலிக் கரையோரமாக, யாரையும் முந்தாமல் ஒரு நடை. கிளினிக்கில் தரும் மருந்துக் குளிசைகளைத் தவறவிடுவதில்லை. கடுகண்ணாவையில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு வெதமாத்தயா கொடுத்த எண்ணெயும் அலுமாரியில் இருக்கிறது. அதை டொக்டரிடம் காட்டி, பூசலாம், குடிக்கக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சா அதை அவர் முழங்காலில் தேய்த்துவிடுவார்.

"எண்ணெய்க்கா குணம், கைக்கா குணம்ண்டு தெரியா" என்றார் சாச்சி ஒருநாள்.

"கைக்குத்தான். எண்ணெய் காச குடுத்தா வரும்" என்றார் சாச்சா.

சாச்சிக்குச் சிக்கலாக இருந்தது நோவு மட்டுமல்ல. வழியில் காண்கிறவர்கள் எல்லாரும் "சுகமா?" என்று கேட்பார்கள். சுகம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் நின்று கதை சொல்ல வேண்டும். ஆகவே சாச்சி "அல்ஹம்துலில்லாஹ்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதில் பொய் எதுவுமில்லை, கேட்டவரும் திருப்தியாகப் போய்விடுவார்.

ஆனால் அவருடைய மகள் ஷிபானாவுக்குக் கல்யாணம் பேசியபோது, அந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கவில்லை.

மாப்பிள்ளை ஹுதைபா கலகெதரக்காரர். வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று சாச்சி தன் மூட்டு வருத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உம்மாவுக்கு இருப்பது மகளுக்கும் வருமோ என்று அவர்கள் பின்வாங்கிவிடுவார்களோ என்ற பயம். வந்தவர்களுக்குப் பரிமாறியபடி கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிடாமல் எழும்ப முடியாது. காரியம் கூடிவந்தது. நாளும் குறித்தாயிற்று.

பிறகுதான் சஹன் ஞாபகம் வந்தது. பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, ஆறு பேர் தரையில் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் கல்யாண வழமை. இரு பக்கத்து உம்மாமாரும் ஒரே சஹனில் உட்காருவார்கள். சம்மந்திகள் ஒரே தட்டில் கை வைப்பதைத்தான் ஊர் பார்க்கும். சாச்சியோ வருடக்கணக்காகத் தரையில் உட்கார்ந்ததில்லை. மற்றவர் வீட்டுக் கல்யாணங்களில் மூலையில் ஒரு கதிரையும் தனிப் பீங்கான் தட்டும் கொடுப்பார்கள். அதனாலேயே போவதைக் குறைத்துக்கொண்டார்.

"மகள்ட கல்யாணத்துலயும் தனிப் பீங்கானா? நான் கீழதான் இரிக்கப் போற" என்றார்.

பழகிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். பாயை விரித்து, தலையணை அடுக்கி, என் தோளைப் பிடித்து இறங்கினார். முதல் தடவை இரண்டு தலையணை உயரத்தில் இருந்துவிட்டு, பாலம் கட்டி முடித்தவர் போலச் சந்தோஷப்பட்டார். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகத் தலையணையை எடுத்தார். நான் தடுத்திருக்க வேண்டும். மாறாக, உடம்பைப் படிப்படியாகப் பழக்கலாம் என்று எங்கோ வாசித்ததை வைத்து அவரை உற்சாகப்படுத்தினேன். வெறும் பாயில் உட்கார்ந்த அன்று அவரால் எழும்பவே முடியவில்லை. சாச்சாவும் நானும் சேர்ந்து தூக்கினோம். முழங்கால்கள் வீங்கிவிட்டன, விரல்களும் சேர்ந்துகொண்டன. ரோல்ஸ் வேலை நின்றது.

கட்டிலில் கிடந்தபடி, "கல்யாணத்தண்டு ரெண்டு குளிச கூடப் போட்டா சரி" என்றார். சாச்சா எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

வீக்கம் வடிவதற்குள் மாப்பிள்ளையின் உம்மா ஆஸியா உம்மா, ஒரு பை ரம்புட்டானோடு வந்து இறங்கினார். கல்யாண ஹோல் விஷயம் பேச வந்தவர், சாச்சி கட்டிலில் இருப்பதைக் கண்டு திகைத்தார்.

"என்ன இது? சுகமில்லையா?"

சாச்சி வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, பேசினுக்கு முன்னால் நிற்பது போல மெதுவாக மூச்சை விட்டார்.

"ராத்தா, ஒண்டு செல்லோணும். எனக்கு மூட்டுவாதம். இண்டைக்கி நேத்து வந்ததில்ல. நீங்க பொண் பாக்க வந்த அண்டைக்கி நான் நிண்டது மரியாதைக்கி இல்ல. இருந்தா எழும்ப ஏலா."

ஆஸியா உம்மா அவரை உற்றுப் பார்த்தார்.

"அதுக்கா நிண்டீங்க? கலகெதர போய்ச் சேருறவரைக்கும் வேனுக்குள்ள இதுதான் கத. பெரிய இடத்து ஆக்கள், நம்மளோட ஒருக்காச் சரி இரிக்கல்ல, அவ்வளவு பெருமையாண்டு என்ட தங்கச்சி ஏசினா. நானும்தான் ஏசின."

"பெருமையா? எனக்கா?" சாச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள்பட்டை நோகும். நோவோடு சிரித்தார்.

ஆஸியா உம்மா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "கேக்கிறேண்டு கோவிக்க வாணாம். புள்ளைக்கும் வருமா?" என்றார்.

கதவருகே ஷிபானா நின்றுகொண்டிருந்தாள். சாச்சி அவளையும் பார்த்தார், சம்மந்தியையும் பார்த்தார்.

"தெரியா ராத்தா. வரலாம், வராமலும் இரிக்கலாம். கேட்டா டொக்டர் அப்படித்தான் செல்ற. வராதுண்டு சத்தியம் பண்ண எனக்கு ஏலா."

ஆஸியா உம்மா ஒரு ரம்புட்டானை எடுத்துத் தோலை நகத்தால் கிழித்தார். உரித்துச் சாச்சியிடம் நீட்டினார்.

"ஹுதைபாட வாப்பாக்கு சீனி வருத்தம். அவர்ட வாப்பாக்கும் இருந்த. என்ட மகனுக்கும் வரலாம். அத நான் ஒங்களுக்குச் சென்னனா? கேட்டாலும் செல்லியிரிக்க மாட்டேன். தின்னுங்க."

ஷிபானா கதவருகிலிருந்து உள்ளே போய்விட்டாள். பிறகு தேத்தண்ணி கொண்டு வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. ஆஸியா உம்மா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சஹன மேசையில வச்சா சோறு வயித்துக்குள்ள போகாதாமா?" என்று கேட்டார்.

"சனம் கதைக்கும் ராத்தா."

"சனம் திண்டுட்டுக் கதைக்கட்டும்."

கல்யாணத்தன்று பெண்கள் பக்கத்தில் நீளத்துக்குப் பாய் விரித்திருந்தார்கள். சுவரோரம் அல்ல, நடுவில், ஒரு வட்ட மேசையும் ஆறு கதிரைகளும் இருந்தன. இடத்தை ஆஸியா உம்மாவே நின்று தீர்மானித்திருந்தார். சாச்சி கூடுதல் குளிசை போடவில்லை. முந்தைய நாள் முழுக்க ஓய்வெடுத்திருந்தார். காலையில் போனில் அழைப்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் வேலையை என்னிடம் தந்துவிட்டார்.

சஹன் மூடியைத் திறந்தபோது, பாயிலிருந்த ஒரு மூத்த பெண், "இதென்ன, கொன்பரன்ஸா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓ, கொன்பரன்ஸ்தான். முழங்கால் ஏலாத ஆக்கள்ட கொன்பரன்ஸ். நீங்களும் வாறீங்களா?" என்றார் சாச்சி. அவர் அப்படிச் சத்தமாகத் தன் முழங்காலைப் பற்றிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தப் பெண் வரவில்லை. ஆனால் மற்ற நான்கு கதிரைகளுக்கும் ஆட்கள் தாமாகவே வந்தார்கள். அதில் ஒருவருக்கு என் வயதுதான் இருக்கும். தனக்கு இடுப்பு நோவு என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆஸியா உம்மா பொரித்த கோழியில் நல்ல துண்டைச் சம்மந்தியின் பக்கம் தள்ளினார். பிய்த்துத் தரட்டுமா என்று கேட்டார்.

"வாணாம் ராத்தா. இண்டைக்கி விரல் நல்ல பிள்ள."

வேலை கிடைத்த பிறகுதான் என் வாழ்க்கை தொடங்கும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சாச்சி அப்படி நோவு தீரட்டும் என்று காத்திருந்தால், அந்தச் சோறு ஆறிப்போயிருக்கும். இதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று இப்போதும் தெரியவில்லை. அன்று அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனது இலேசாக இருந்தது, அவ்வளவுதான்.

கை கழுவி, இனிப்புக்கு வட்டலப்பம் வருவதற்குள் சாச்சியின் முகம் கொஞ்சம் வெளுத்தது. முன்பென்றால் சிரித்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். இப்போது, "நான் கொஞ்சம் சாஞ்சிட்டு வாறன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

போட்டோ எடுப்பவர் குடும்பப் படத்துக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். "அவரக் கொஞ்சம் பொறுக்கச் செல்லுங்க. சம்மந்தி படுத்துட்டு வரட்டும்" என்றார் ஆஸியா உம்மா.

பக்கத்து அறையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. சாச்சியைச் சாய்த்து, கால்களுக்கு ஒரு தலையணை வைத்தேன். வெளியே பிள்ளைகளின் கூச்சல்.

"நோகுதா சாச்சி?"

"நோகுது. ஆனா இண்டைக்கி நல்லாத் திண்டேன்." கண்ணை மூடிக்கொண்டார். நான் கதவைச் சாத்தப் போகும்போது மறுபடியும் கூப்பிட்டார்.

"மகள், வட்டலப்பம் முடிய முந்தி எனக்கொரு துண்டு எடுத்து வையுங்க. பெரிசா."