கையறுநிலை எழுதிய மதியம்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் நாள் தமிழ். மணி அடித்து வெளியே வந்ததும் வழக்கம்போல மூன்று பேரும் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் கூடினோம். நானும், பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் வகுப்பு முதல் மாணவியும், சேவூர்க்காரியும்.

சேவூர்க்காரியின் அப்பா இறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தறியில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். அவள் பரீட்சைக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தோம். வந்தாள். அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் வினாத்தாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் மாணவி விரலால் ஒவ்வொரு கேள்வியாகத் தொட்டு வந்தாள். துறை விளக்கக் கேள்வியில் விரல் நின்றது. கையறுநிலை. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தவர்கள் செயலற்றுப் புலம்புவது. நாங்கள் இருவரும் அதைத்தான் எழுதியிருந்தோம்.

“நீ இன்னாடி எழுதின?” என்று சேவூர்க்காரியைக் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதென்று அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“முதல் ரெண்டு வரி நோட்ஸ்ல இருக்கிறதுதான்,” என்றாள் சேவூர்க்காரி. “அப்புறம் எங்கம்மாவ எழுதிட்டேன்.”

“அம்மாவையா?” என்றேன்.

“எங்கம்மா கை சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல. எப்பவும் நூல் சுத்திகினே இருக்கும். இப்ப சோத்துத் தட்டுல கைய வச்சிகினு அப்படியே உக்காந்திருக்குது. சோறு காஞ்சி போவுது. இதுதான் கையறுநிலைன்னு எழுதினேன்.”

பக்கத்தில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

“புத்தகத்துல இருக்கறததாண்டி எழுதணும். மார்க் போயிடும்,” என்றாள் முதல் மாணவி.

“போவட்டும்டி. வீட்ல யார்கிட்டயும் சொல்ல முடியல. தம்பி அழுவான். எங்கனா சொல்லணும்போல இருந்துச்சு.”

பெரணமல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முதல் மாணவி பஸ்ஸுக்குப் போகாமல் சேவூர்க்காரியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். மூவரும் வெயிலில் சேவூருக்கே நடந்தோம். சாவு நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.

அவள் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். “வாங்கம்மா. நல்லா எழுதினீங்களா?”

“உங்க பொண்ணுதாம்மா எங்க எல்லாரையும்விட நல்லா எழுதியிருக்கா,” என்றாள் முதல் மாணவி.

அந்த அம்மா மகளைப் பார்த்தார். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நெடுநேரம் அவர் அருகில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

முடிவு வந்தபோது அவளுக்குத் தமிழில் என்னைவிடக் குறைவு, ஆனால் தேறிவிட்டாள். அந்த விடைக்கு எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஏதோ ஓர் ஊரில், கட்டுக்கட்டாக விடைத்தாள்களுக்கு நடுவே, முகம் தெரியாத ஓர் ஆசிரியர் அதைப் படித்திருப்பார். படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைச் சற்றுக் கீழே வைத்திருப்பார் என்றே நான் இன்றுவரை நம்புகிறேன்.