மூன்று பேர் முன்னால் சலவையக்கா

மருத்துவமனையில் எல்லாருக்கும் அவர் சலவையக்காதான். சலவைப் பிரிவில் துணி மடிக்கும் வேலைக்கு வந்தவர், இருபத்தோரு வருஷத்தில் பதினாறு பேரைக் கட்டி மேய்க்கும் மேற்பார்வையாளர் ஆகியிருந்தார். எந்த டாக்டர் கத்தினாலும் அசையாத ஆள். ஆனால், பிரிவுத் தலைவர்கள் எல்லாரும் ஒரு வருஷத்துக்குள் வணிக மேலாண்மைச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த அன்று அவரே ஆடிப்போனார். பரீட்சை என்ற பீடை பள்ளிக்கூடத்தோடு ஒழிந்தது என்று நினைத்திருந்தார்.

பஸ் ஓட்டுநரான கணவர்தான் தைரியம் சொன்னார். காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பார்.

"திட்டமிடலுக்கு அடுத்தது?"

"ஒருங்கிணைத்தல். ஐயோ, வயித்தக் கலக்குதுங்க."

"பாடமா, என் சமையலா?"

எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டார். மிச்சம் நேர்முகத் தேர்வு. சொந்த வேலையிடத்தில் ஒரு சிக்கலைத் தீர்த்த விதத்தை அறிக்கையாக எழுதி, மூன்று பேர் முன்னால் விளக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் பெரிய இஸ்திரி மெஷினில் அவரிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் விரல்கள் வெந்துபோயின. அதன்பின் அவர் வேலை முறையையே மாற்றினார். பிறகு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் எழுதினார். எல்லாம் உண்மை. 'காரணம்: இயந்திரக் கோளாறு' என்ற வரி மட்டும் பொய். விபத்துப் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். அன்று ஆபரேஷன் அறைக்கு அவசரமாகத் துணி கேட்டார்கள். "மெஷின் தடுப்பக் கழட்டிட்டு ஓட்டு, சீக்கிரம் முடியும்" என்று அவளிடம் சொன்னது இவர்தான். அந்தப் பெண் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நேர்முகத் தேர்வு அன்று அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மூவரில் ஒரு அம்மா, தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர், அறிக்கையைப் புரட்டியபடி நிமிர்ந்தார்.

"தடுப்பு இருந்தா கை உள்ள போகாதே. யாரு கழட்டினாங்க?"

 'தெரியல' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தார்.

"நான்தாங்க கழட்டச் சொன்னேன்."

"உங்க நிர்வாகத்துக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சரி, போயிட்டு வாங்க. முடிவு தபால்ல வரும்."

அதன்பின் போன் அடித்தாலே தூக்கிவாரிப் போட்டது. அந்த மூவரில் யார் எப்போது நிர்வாகத்திடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நாலாம் நாள் அவரே மேலாளர் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னார். விசாரணை முடியும்வரை பதவி கிடையாது, மடிப்பு மேசைக்குப் போ என்றார்கள். பக்கத்து இடத்தில் அதே பெண்.

"ஏங்க்கா சொன்னீங்க? நான் மறந்தே போயிட்டேன்."

"பொய் சொல்லாத."

அவள் ஒரு போர்வையை மடித்து முடித்தாள். "சரி, மறக்கல. நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்துட்டிருந்தேன்."

சலவையக்கா அந்தப் போர்வையை வாங்கி அடுக்கில் வைத்தார்.

மூன்றாவது வாரம் தபால் வந்தது. கணவரைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தேர்ச்சி. விசாரணை இன்னும் இரண்டு மாதம் இழுத்தது. எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்து, பதவியைத் திருப்பித் தந்தார்கள். விபத்துப் பதிவேட்டில் இருந்த காரணத்தை அடித்து, உண்மையை எழுதி, அவரே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது.