குமிழி நிற்கவில்லை

சிங்கவரத்தில் எங்கள் கிணற்றில் யாருடைய குடம் விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அடிவரை போய் எடுத்து வருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. அந்தத் தலைக்கனம்தான் பாண்டிச்சேரிக் கடலில் என் மானத்தை வாங்கியது.

செஞ்சியில் பள்ளிக்கூட வேலை, ஞாயிறானால் பஸ் பிடித்துப் போய் சிலிண்டரோடு கடலில் முங்குவது என்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஆழம் போகும் டெக்னிக்கல் பயிற்சியில் சேர ஆசைப்பட்டேன். சேர்ப்பதற்கு முன் பயிற்சியாளர் ஒரு சோதனை வைத்தார். நீருக்கடியில் முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருந்த இடத்திலேயே மிதக்க வேண்டும். கழற்றியதும் மூக்கில் தண்ணீர் பட்டது. கிணற்றுப் பழக்கம் விடுமா? நெஞ்சு நிறைய இழுத்து அடைத்துக்கொண்டேன். ஊதின பலூன் மாதிரி உடம்பு மேலே கிளம்பிவிட்டது. மறுபடி செய்தபோதும் அதேதான்.

“மேடம், அந்த ஆழத்துலேர்ந்து நெனச்ச நேரத்துக்கு மேல வர முடியாது. அங்கங்க நின்னு நின்னுதான் வரணும். மூச்ச அடக்கிகினு இப்டி கெளம்புனீங்கன்னா உசுருக்கே ஆபத்து. மொதல்ல மூச்சு விட கத்துகினு வாங்க,” என்றார்.

ஏழு கழுதை வயசில் மூச்சு விடக் கற்றுக்கொள்வதா! பஸ்ஸில் வழி முழுக்க எரிச்சல்தான். ஆனாலும் மறுநாளே அம்மாவின் அண்டாவில் தண்ணீர் நிரப்பினேன். கண்ணாடி இல்லாமல் முகத்தை அமிழ்த்தி, வாயில் கவ்விய குழாய் வழியே இழுத்து மூக்கால் விட வேண்டும். அம்மா அலறிக்கொண்டு வந்து முடியைப் பிடித்துத் தூக்கினாள்.

“இன்னாடி இது! குமிழி குமிழியா வருது. கெணத்துல குமிழி வந்தா இன்னா அர்த்தம்னு தெரியாதா ஒனக்கு?”

தெரியும். கிணற்று மேட்டில் நிற்பவர்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள். உள்ளே போனவனுடைய மூச்சு உடைந்துவிட்டது என்று அர்த்தம். சிலிண்டரோடு போனால் அப்படியில்லை, குமிழி வந்துகொண்டிருந்தால்தான் ஆள் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. தினமும் அண்டா பக்கத்திலேயே காவல் நின்றாள். மறு சோதனைக்கு நான் கிளம்பியபோது, கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்று படகிலும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கீழே போய்க் கண்ணாடியைக் கழற்றினேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. நெஞ்சு அடைக்கப் பார்த்தது. ஒரு கணம் அடைத்தும் விட்டது. அண்டாவை நினைத்துக்கொண்டு மூக்கால் விட்டேன். இழுத்தேன், விட்டேன். மங்கலாகத் தெரிந்த பயிற்சியாளர் என் கண்ணுக்கு நேராகவே இருந்தார். நான் ஏறவில்லை. அப்பாடா என்று அங்கேயே அழுகை வந்துவிட்டது.

“அடுத்த மாசம் ஆரம்பிச்சிடலாம்,” என்றார் பயிற்சியாளர், படகில் ஏறியதும். நான் அம்மாவைப் பார்த்தேன். படகின் விளிம்பை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள்.

“பாத்துகினேதான் இருந்தேன். நடுவுல ஒரு தபா கொறஞ்சிச்சு. ஐயோ நின்னுடப் போவுதேன்னு கும்புட்டேன்,” என்றாள். “நிக்கலடி.”