ஹார்ட் டொக்டரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ

எனக்கு இரண்டு வருத்தம். ஒன்று இடுப்புக்குக் கீழே, மற்றது நெஞ்சுக்குள்ளே. கீழே உள்ளதைப் பார்க்கிற டொக்டர் எதைச் செய்வதென்றாலும் மேலே உள்ளதைப் பார்க்கிற டொக்டரிடம் அனுமதி எடுக்கவேண்டும். அதனால் இந்தச் சில வருடங்களில் நான் அதிகம் கேட்ட வசனம், “ஹார்ட் டொக்டரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ” என்பதுதான்.

முதலில் வந்தது புரொஸ்டேட் புற்றுநோய். கால்நடை வைத்திய அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற கையோடு வந்தது. அங்கே நான் டொக்டர் அல்ல, உதவியாளன். மாடுகளுக்கு ஊசி போடுவது, சினை ஊசி போடுவது, காளைகளுக்கு நலம் அடிப்பது, அதாவது விதைக்குப் போகிற நரம்பை இடுக்கியால் நசுக்கி எருதாக்குவது, இவைதான் என் வேலை. ஆனாலும் மல்லாவி, துணுக்காய்ச் சனத்துக்கு நான் மாட்டு டொக்டர். வருத்தம் வந்த செய்தி பரவியபோது, மாட்டு டொக்டருக்கு மனுசரின் வருத்தம் வந்துவிட்டதாம் என்று சந்தையில் கதைத்தார்களாம். மனைவிதான் வந்து சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது யாழ்ப்பாணத்தில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மனைவியின் தங்கை வீட்டில் தங்கி, வாரத்தில் ஐந்து நாளும் போய் வந்தேன். நோவென்று ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் மூத்திரப்பை முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, முறை வரும்வரை வாங்குப் பலகையில் இருக்கவேண்டும். அடக்க முடியாத வருத்தக்காரனை அடக்கிக்கொண்டு இரு என்பதுதான் அந்த வைத்தியத்தின் பெரிய கஷ்டம். எங்கள் வரிசையில் இருந்த ஆண்கள் எல்லோரும் தொடையை இறுக்கிக்கொண்டு, ஒருவரும் மற்றவரைச் சிரிக்க வைத்துவிடக் கூடாது என்று மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதோடு வருத்தம் அடங்கியது. சில வருடம் நன்றாகத்தான் இருந்தேன்.

இரண்டாவது வருத்தம் மல்லாவிச் சந்தையில் வந்தது. நல்ல கத்தரிக்காயாகத் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் யாரோ கல்லொன்றை வைத்துவிட்டு எடுக்க மறந்தது போல இருந்தது. வாய்வு என்று நினைத்து ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். மரக்கறிக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கத்தரிக்காயைப் பறித்து வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரின் வான் வண்டியில் என்னை ஏற்றிவிட்டாள். கிளிநொச்சிக்குப் போய், அங்கிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணம். கையில் ஒரு துளை போட்டு, இதயத்துக்குப் போகிற குழாய்க்குள் சின்ன வலை ஒன்றை வைத்தார்கள். வெளியே வரும்போது ஒரு பை நிறைய மருந்துக் குளிசை. மரக்கறிக்காரிக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டவன். அவள் தருகிற கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குகிறேன்.

இருதயம் கொஞ்சம் தேறிவருகிற நேரத்தில், வழமையான இரத்தப் பரிசோதனையில் பழைய வருத்தம் மறுபடி தலை காட்டியது. புற்றுநோய் கிளினிக்கில் இருந்தவர் ஒரு பெண் டொக்டர், என் மகள் வயது. ஆண்களின் உடம்பில் ஊறுகிற ஒரு சுரப்புத்தான் இந்த வருத்தத்துக்குச் சாப்பாடு, அதை நிற்பாட்டினால் வருத்தம் வாடும் என்று படம் கீறிக் காட்டினார். முதலில் அதற்கு ஊசி போட்டார்கள். ஊசி மருந்து ஆஸ்பத்திரிக்குச் சில மாதம் வரும், சில மாதம் வராது. வராத மாதம் மனதுக்குள் ஒரே யோசனை. கடைசியில் அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, ஊசி இல்லாமலே ஒரேயடியாக நிற்பாட்ட ஒரு சின்ன ஒப்பரேசன் இருக்கிறது என்றார். விதை இரண்டையும் எடுத்துவிடுவது. என்ன தொழில் செய்தேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இருதயத்துக்கு எது பாரம் குறைவு என்பதையும், எந்தக் குளிசையை நிற்பாட்டலாம் என்பதையும் ஹார்ட் டொக்டரைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

மனைவி வெளியே வாங்கில் இருந்தாள். பஸ்ஸில் ஏறி, சாவகச்சேரி தாண்டிய பிறகு கேட்டாள்.

“என்னப்பா, டொக்டர் என்ன சொன்னவா?”

பஸ்ஸுக்குள் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொன்னால் கேட்காது, உரத்துச் சொல்லக்கூடிய விசயமும் அல்ல. அவளுடைய காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். “எனக்கு நலம் அடிக்கப்போகினமாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஆனையிறவு வரைக்கும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். அப்போது சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“நோகாதோ?” என்று கேட்டாள்.

“விறைக்கப்பண்ணித்தான் செய்வினம்.”

“அப்ப மாட்டைவிட உங்களுக்கு மரியாதைதான்” என்றாள்.

முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். வறுத்த கச்சான் கடலை வாங்கித் தந்தாள். நான் கச்சானை உடைத்து உடைத்து வாயில் போட்டேனே தவிர ருசி தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமும். நலம் அடித்த மாடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கழுத்து மெலிந்து, உடம்பு கொழுத்து, யார் பிடித்துக்கொண்டு போனாலும் பின்னால் போகும். கண்ணாடிக்கு முன்னால் நின்று என் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஊருக்குத் தெரியவந்தால் சந்தையில் என்ன கதைப்பார்கள் என்பதை நினைக்கவே வேண்டாம். ஹார்ட் டொக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் நெஞ்சில் குளிர்ந்த பசையைப் பூசி எக்கோ எடுத்துப் பார்த்தார். வலை வைத்துப் போதிய காலமாகிவிட்டது, இரத்தம் உறையாமல் குடிக்கிற இரண்டு குளிசையில் ஒன்றைச் சில நாள் நிற்பாட்டிவிட்டுத் தாராளமாகச் செய்யலாம் என்றார். சந்தோசப்படவேண்டிய செய்திக்கு நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன்.

அப்படி வந்த மூன்றாம் நாள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“அந்த விசயமெல்லாம் கரண்ட் பிடிச்ச காலத்தோடையே முடிஞ்சுது. இனி என்னத்துக்கு அதை வைச்சுக் காவல் காக்கிறியள்?”

கதிர்வீச்சைத்தான் அவள் கரண்ட் பிடிக்கிறது என்பாள். சொல்லிவிட்டுத் தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்துத் துருவினாள். எங்கள் இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த விசயத்தைப் பற்றி அவள் வாய்விட்டுக் கதைத்தது அதுதான் முதல்தரம்.

அவளுடைய கதை பாதி மனதை மாற்றியது. மீதியை மாற்றியவர் முல்லைத்தீவு நானா. அவர் முஸ்லிம், முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருந்தவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அதே கடையை மறுபடி திறந்து, இப்போது மருமகனிடம் விட்டிருக்கிறார். கிளினிக்கில்தான் பழக்கம். இரண்டு பேருக்கும் அடிக்கடி கழிப்பறைக்கு ஓடவேண்டி இருந்ததால், ஒருவர் எழும்பினால் மற்றவர் இடத்தைப் பார்த்துக்கொள்வது என்று தொடங்கிய சிநேகம். அவருக்கு அந்த ஒப்பரேசன் முந்தின வருடமே முடிந்திருந்தது என்பது நான் வாய்திறந்து கேட்கும்வரை எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்தால் தெரியவும் இல்லை.

“நானா, மறைக்காமச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு ஆள் மாறிப்போகுமோ?”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். “மாறும். முந்தி கடையில விலை பேசுற ஆக்களோட எனக்குப் பத்திக்கொண்டு வரும். இப்ப வருதில்லை. ரீவியில நாடகம் பாத்தா அழுகை வருது. திடீரெண்டு நெருப்புக்குப் பக்கத்தில இருக்கிறமாதிரி வேர்க்கும். அவ்வளவுதான். நான் நான்தான்.”

பிறகு, “ஊசி வருமோ வராதோ எண்டு இப்ப யோசிக்கிறேல்லை. நல்லா நித்திரை வருது” என்றார். நித்திரை என்ற சொல்தான் என்னை அசைத்தது.

அந்த மாதமே ஒப்பரேசன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். நெஞ்சில் வயர்கள் ஒட்டி, இருதயத்தைப் பார்க்க ஒருவர் தலைமாட்டிலேயே நின்றார். கதை கொடுத்துக்கொண்டே இருந்தால் பயம் தெரியாது என்றோ என்னவோ, சேர்ஜன் நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். மறைத்துக் கட்டியிருந்த துணிக்கு அந்தப் பக்கம் கருவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற மிஸ்ஸி ஒருவர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும்.

“அப்ப ஐயா, நான் பிழை விட்டாக் கண்டுபிடிச்சிடுவியள்” என்றார் சேர்ஜன்.

“நான் படுத்திருக்கிறன் டொக்டர். எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நீங்கள் ஆறுதலாச் செய்யுங்கோ” என்றேன்.

நினைத்ததைவிட வேகமாக முடிந்துவிட்டது. காயமும் பழுது இல்லாமல் ஆறியது. நிற்பாட்டின குளிசையை மறுபடி தொடங்கினேன். நானா சொன்னபடியே வெக்கை வந்தது. சும்மா கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பேன். நெஞ்சில் இருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் சூடு ஏறும். சேட்டு நனைந்துவிடும். முதல்தரம் வந்தபோது நெஞ்சு வருத்தம்தான் மறுபடி என்று பயந்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பதறாமல் சேட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். மாதவிடாய் நின்ற காலத்தில் தனக்கும் இதே வெக்கைதான் என்றாள். அந்த நாட்களில் நான் மாரி காலத்திலும் ஏன் ஃபான் போடுகிறாய் என்று போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்ததை அவள் நினைவுபடுத்தவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன். பருத்திச் சாரம் உடுப்பது, கழுத்தில் ஈரத் துவாய் போடுவது, பின்னேரத்தில் சுடச்சுடத் தேத்தண்ணி குடிக்காமல் விடுவது எல்லாம் அவள் சொல்லித்தந்த வைத்தியம். இப்போது ஃபானுக்கு இரண்டு பேரும் போட்டி.

அழுகையும் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சை பாஸ் என்று கற்கண்டு கொண்டுவந்து தந்தபோது கண்ணீர் பொலபொலவென்று ஓடியது. பிள்ளை பயந்துபோய்த் தாயைக் கூப்பிட ஓடிவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அழுது முடிந்ததும் உடம்பு இலேசாக இருந்தது. இந்தச் சுகம் பெண்களுக்கு இத்தனை காலமும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

ஹார்ட் டொக்டர் நடக்கச் சொன்னதால் விடிய வெளிச்சம் வந்த பிறகு குளக்கட்டில் நடக்கிறோம். வெளிச்சம் வரமுன் போனால் யானை நிற்கும். முன்னால் அவள், பின்னால் நான். முன்பு என்றால் நான்தான் முன்னால். இப்போது மூச்சு வாங்குகிறது. அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், நிற்கமாட்டாள். நின்றால் எனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேல் இரத்தப் பரிசோதனை நல்லபடியாக இருந்தது. பிறகு கணக்கு மறுபடி ஏறத் தொடங்கியது. பெண் டொக்டர் மேசையில் எனக்கு முன்னால் அறிக்கையை வைத்தபோது நான் அதை வாசிக்கவில்லை, அவருடைய முகத்தை வாசித்தேன். இந்தமுறை மனைவியும் உள்ளே இருந்தாள். இந்த வருத்தம் அடங்கும், எழும்பும், பிறகு அடக்கவேண்டும்; முற்றாகப் போய்விடும் என்று தான் சொல்லமாட்டேன் என்றார். புதிதாக ஒரு குளிசை இருக்கிறதாம். பிரசரைக் கூட்டலாம், காலை வீங்க வைக்கலாம். மிச்சத்தை அவர் சொல்லமுன் மனைவியே சொல்லிவிட்டாள். “ஹார்ட் டொக்டரைக் கேட்டுக்கொண்டு வாறம் பிள்ளை.”

ஹார்ட் டொக்டர் உப்பை இன்னும் குறைக்கச் சொல்லி, கிழமைக்குக் கிழமை பிரசர் பார்க்கவேண்டும் என்று சம்மதித்தார். குளிசை வேலை செய்கிறது. ஏறிய கணக்கு கொஞ்சம் இறங்கி, அப்படியே நிற்கிறது. எவ்வளவு காலம் நிற்கும் என்று நான் கேட்கவில்லை. கால் சில நாள் வீங்கும், சில நாள் வற்றும்.

போன மாதம் நானா எங்களை முல்லைத்தீவுக்குச் சாப்பிட வரச் சொன்னார். மாங்குளத்தில் பஸ் மாறிப் போனோம். அவருடைய மனைவி எனக்கென்று உப்புக் குறைத்துத் தனியாக ஒரு சட்டியில் மீன் காய்ச்சியிருந்தா. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு வெக்கை தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் நானாவும் முகமெல்லாம் வேர்த்துப்போய்த் தொப்பியைக் கழற்றுகிறார். இரண்டு பெண்களும் எங்களைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவு நேரமும் ஒருவருக்கொருவர் கூச்சப்பட்டு மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகு எங்களை மறந்துவிட்டுக் கதையில் இறங்கிவிட்டார்கள்.

பின்னேரம் நால்வரும் கடற்கரைக்குப் போனோம். மேற்கே இருந்து வருகிற கச்சான் காற்று நன்றாக வீசியது. நானா மணலில் இருந்துகொண்டு, முழங்காலுக்கு மேலே தண்ணீர் வரவிடாதீர்கள், இந்தக் கடல் இழுக்கும் என்று சொன்னார். மனைவி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். நான் செருப்பைக் கழற்றினேன். வீங்கின காலில் செருப்பு வார் பதிந்த தடம் இருந்தது. அலை வந்து காலை மூடியபோது குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம் என்றேன். அடுத்த பஸ்ஸிலும் போகலாம் என்று அவள் சொன்னாள்.