வலது காதுக்கு ஒரு கச்சேரி

"முதல் பஸ் ஏழு பத்து. ஏழு பத்துன்னா ஏழு பதினெட்டு. டிரைவர் டீ குடிச்சு முடிக்காம வண்டிய எடுக்க மாட்டான்" என்று வாய்விட்டுச் சொல்லியபடியே, பழைய பஸ் அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறார் மைக் அக்கா.

பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடமாக அறிவிப்பாளர். அவர் சொல்லித்தான் ஊரே கிளம்புகிறது. அவர் மட்டும் கண்ணாடி அறைக்குள் அசையாமல் இருப்பார். அந்தக் கடுப்போ என்னவோ, வீட்டிலும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேச்சு. "சாப்பாடு தயார். கை கழுவாதவங்க உடனே கழுவிட்டு வரணும்." அந்த வீட்டில் அவரைத் தவிர இருப்பதே ஒரே ஒருவர்.

அந்த ஒருவர், கணவர், பூட்டு ரிப்பேர்க்காரர். சாவி வெட்டும் மெஷின் முப்பது வருடம் பக்கத்திலேயே கத்திக் கத்தி அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது. வலது காதும் ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பூட்டுக்காரர் அழவெல்லாம் இல்லை.

"அதுக்குள்ள மைக் இல்லாம ஒருவாட்டி வயலின் கேட்டுடணும். பஸ் ஸ்டாண்ட் வாசல் கடையில உக்காந்து இத்தனை வருசமா உன் ஸ்பீக்கரத்தான் கேட்டாச்சே!"

அக்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே விசாரித்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு கிராமத்தில், பழைய மரம் அறுக்கும் மில்லைக் கச்சேரி அரங்கமாக்கியிருந்தார்கள். சுற்றிலும் மரச்சுவர். மைக்கே கிடையாதாம். தன் தொழிலுக்கே அவமானம் என்று நினைத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டம் போட்டார். எந்த நிறுத்தத்தில் கழிவறை சுத்தம், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, நாய் துரத்தினால் யார் முன்னால் ஓடுவது... நான்கு பக்கம்.

அரங்கத்துக்கு மூன்று முறை போன் செய்தார்.

"ரெண்டு சீட். முதல் வரிசை, இடது ஓரம்."

"எங்க உக்காந்தாலும் நல்லா கேக்கும்மா" என்றாள் மறுமுனையில் ஒரு பெண்.

"உங்களுக்குக் கேக்கும். எங்க வீட்டுக்காரருக்கு வலது காதுதான் வேலை செய்யுது. அது மேடைப் பக்கம் இருக்கணும். இடது ஓரம். எங்க, திருப்பிச் சொல்லுங்க?"

அவள் சொன்னாள். அக்கா இன்னொரு தரமும் சொல்ல வைத்தார்.

அன்று பஸ் சரியாக ஏழு பதினெட்டுக்குக் கிளம்பியது. மழை இல்லை, நாய் இல்லை. அக்கா வெற்றி நடையோடு அரங்கத்துக்குள் நுழைந்து, தங்கள் நாற்காலிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது வலது ஓரம்ல?"

"மேடையில நின்னு பாருங்கம்மா, இடதுதான்" என்றாள் போனில் பேசிய பெண், பெருமையாக.

நிஜ இடது ஓரத்தில் ஒருவர் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரை எப்படி எழுப்புவது? அரங்கம் நிறைந்துவிட்டது. அக்கா நான்கு பக்கத்தையும் புரட்டினார். இதற்கு ஒரு வரிகூட இல்லை. "ஒரு காது மட்டும் கேக்கற மனுசனுக்குச் சீட்டு மாத்தித் தர இங்க யாருமே இல்லையா?" என்றார். மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரை போயிற்று. மேடையில் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

பூட்டுக்காரர் ஓரத்து நாற்காலியைத் தூக்கி, மேடைக்கு வலது காதைக் காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவர் முகத்துக்கு நேரே மேடை இல்லை, மனைவிதான்.

"ஐயோ, என்னங்க இது? மேடை அங்க இருக்கு!"

"நான் பாக்கவா வந்தேன்? கேக்கத்தானே வந்தேன்."

"ரெண்டு மணி நேரமும் என் மூஞ்சியவா பாத்துக்கிட்டு இருப்பீங்க?"

"பழகிப்போச்சு, விடு."

வரிசையே சிரித்தது. அக்காவின் காது மடல் சிவந்தது.

வில் தந்தியில் இறங்கியது. பூட்டுக்காரரின் வாய் மெல்லத் திறந்தது. திறக்கவே திறக்காது என்றிருந்த பூட்டு கையிலேயே திறந்துகொண்ட மாதிரி ஒரு முகம். அக்கா மேடையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி மேடையைப் பார்க்க முயன்றார். பிறகு எழுந்து, பின்னால் யாரோ "ச்சு" கொட்டக் கொட்ட, தன் நாற்காலியை மரத்தரையில் கிறீச்சென்று இழுத்துத் திருப்பி, மொத்த வரிசைக்கும் முதுகைக் காட்டி, அவருக்கு எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.